மன்னர் மெய்க்கீர்த்தியும் மக்கள் கல்வெட்டும்

2023ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், தில்லியில் புதிதாக எழுப்பப்பெற்ற நாடாளுமன்றத்தில், மக்களவைத் தலைவரின் இருக்கைக்கருகே ஒரு செங்கோல் நிறுத்தப்பட்டது. அதனை எடுத்துக் கொடுப்பதற்கென்றே தமிழ்நாட்டுச் சைவ மடத் தலைவர்கள் வானூர்தியில் அழைத்துச் செல்லப்பட்டனர். தமிழனுக்கு வாய்த்த தனிப்பெருமை என்று தமிழருள்ளும் பலர் மகிழ்ந்து கூத்தாடினர். பொன்முலாம் பூசிய அக்கோல் 1947இல் சென்னையிற் செய்யப்பட்டு நேருவின் கையில் தரப்பட்டது. பின்னர் அலகாபாத்து அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்தது. அதைத் துடைத்தெடுத்து மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் நடுவே நிறுத்தியோரின் உள்நோக்கம் ஒருபுறம் கிடக்கட்டும். குடியரசின் மன்றத்தில் முடியரசின் கோலுக்கு என்ன வேலை என்று கேட்கத் தமிழ் கற்றாருள் எத்துணைப்பேர் வாய் திறந்தனர்? செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, அதனை அடுத்தே கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்து வைத்தார். அவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர் கோலைக் கண்ட மாத்திரத்தில் கைகூப்பார்.

கைகூப்பும் இப்பழக்கம் நேற்று வந்ததன்று. தமிழின மேடைகளே இதை வளர்த்தன. 2010இல் தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததென்று எடுத்த விழாவும், 2022இல் சோழர் கதையைத் திரையில் கண்டு இளைஞர் எழுப்பிய ஆரவாரமும் யாவரும் அறிந்தவை. புலிக்கொடி பொறித்த சட்டையணிந்து திரிகின்ற பிள்ளையிடம், அக்கொடியின் கீழ் உழுதவன் என்ன உண்டான் என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பான். கடாரம் வென்ற ஆண்டு அவனுக்குத் தெரியும். வென்றவனுக்கு இறையிறுத்தவன் யார் என்பது தெரியாது. தமிழர் வரலாறு என்ற பெயரால் அவன் கற்றதெல்லாம் மன்னர் தம்மைப் பற்றித் தாமே வெட்டுவித்த மெய்க்கீர்த்தியே. மக்கள் தம்மைப் பற்றித் தாமே வெட்டுவித்த கல்வெட்டும் இம்மண்ணில் உண்டு என்பதை அவனுக்குச் சொன்னார் இலர்.

அதனைச் சொல்லுமுன், முடிமன்னரே மண்ணைக் கவ்விய ஒரு காலத்தைப் பற்றிச் சிறிது பேசியாக வேண்டும். ஏறத்தாழ மூன்றாம் நூற்றாண்டு முதல் ஆறாம் நூற்றாண்டு வரையிலான தமிழகத்தைப் பாட நூல்கள் நெடுங்காலமாக 'இருண்ட காலம்' என்றே எழுதி வந்தன. நீலகண்ட சாத்திரியார் போன்ற பெரும்புகழ் வரலாற்றாசிரியரும் அதை நீண்டதோர் இரவாகவே கண்டார். சேர சோழ பாண்டியர் மூவரும் ஒடுங்கிக் களப்பிரர் ஆண்ட காலம் அது. இருள் என்றால் யாருக்கு இருள்? இவ்வினாவுக்கு விடை ஒரு செப்பேட்டில் உள்ளது.

பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில், அஃதாவது எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எழுதப்பட்டது வேள்விக்குடிச் செப்பேடு. அதன் முற்பகுதி வடமொழி, பிற்பகுதி தமிழ். அது கூறும் வழக்கு இது: பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பழம் பாண்டியன், கொற்கை கிழான் நற்கொற்றன் என்பானுக்கு வேள்வி முடித்ததன் பொருட்டு வேள்விக்குடி என்னும் ஊரைக் கொடுத்தான். பின்னர்க் களப்பிரன் வந்தான், எண்ணற்ற பெருவேந்தரை அகற்றி நாட்டைக் கைக்கொண்டான், அவ்வூரும் பறிபோயிற்று. கடுங்கோன் என்னும் பாண்டியன் களப்பிரரை ஒழித்து மீண்டும் முடிசூடினான். அவன் வழிவந்த நெடுஞ்சடையன் மதுரையில் இருந்தபோது, காமக்காணி நற்சிங்கன் என்னும் பார்ப்பனன் முன்னே நின்று ஓலமிட்டு, தன் முன்னோர்க்குரிய ஊர் இது என்று மெய்ப்பித்தான். அரசன் அப்போதே மீட்டுக் கொடுத்தான்.

இவ்வழக்கை ஆற அமர எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதற்கொடைக்கும் மீட்சிக்கும் இடையே சென்றவை பல நூற்றாண்டுகள். அவ்வளவு நெடுங்காலமும் ஒரு குடும்பம் தான் இழந்த ஊரை மறக்கவில்லை! கடுங்கோன் முடிசூடிய பிறகும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து அதைக் கைப்பற்றிக்கொண்டது. ஆனால் அந்த ஊரில் அத்தனை தலைமுறையாய் ஏர் பிடித்தவன் யார், ஊர் கைமாறியபோது அவன் என்ன ஆனான் என்பது பற்றிச் செப்பேட்டில் ஓர் எழுத்தும் இல்லை. இருள் என்று சொல்லப்பட்டது யாருடைய இருள் என்பது இப்போது விளங்கும். கொடையூர் பெற்றிருந்தவர்க்கு அது இருள். அவர்தம் வழக்கையே வரலாறாக எழுதினோர்க்கும் அது இருள்.

களப்பிரர் எவர் என்பதில் அறிஞர்க்குள் ஒருமித்த கருத்தில்லை. கருநாடகத்திலிருந்து வந்தோர் என்பர் சிலர். வேங்கடத்துக் களவர் என்பர் சிலர். களத்தில் உழைத்த களமரே களப்பிரர் என்பாரும் உளர். கடைசிக் கருத்து காதுக்கு இனிக்கும். ஆயினும் பெயரொலி ஒன்றையே பற்றிக்கொண்டு வரலாறு கட்டுவது புலமைக்கு அழகன்று. பகைவர் செய்தால் நகைக்கும் அதனைத் தமிழர் தாமே செய்தலும் தகாது. அவர் எவராயினும் ஆகுக. அவர் செய்த செயலைப் பார்த்தால் போதும். வெறும் நாடு பிடிக்க வந்த படைத்தலைவன், பழைய மன்னனின் சலுகை வகுப்பைத் தன் சலுகை வகுப்பாக்கிக்கொண்டு, அதன் வாழ்த்தைப் பெற்று ஆள்வதே உலக வழக்கு. களப்பிரர் மன்னரையும் அகற்றினர்; மன்னர் கொடுத்த கொடையையும் அகற்றினர். உழுகுடிகளின் சினம் ஓரளவேனும் உடன் நில்லாமல் இவ்விரண்டும் ஒருங்கே நடந்திருக்குமா என்று வரலாற்றறிஞர் இராம் சரண் சர்மா போன்றோரும் ஐயுற்றுள்ளனர். அந்த ஐயம் அறிவுடையது.

இருண்டதாகச் சொல்லப்பட்ட அந்நூற்றாண்டுகளில் தமிழ் இருண்டதா எனின், இல்லை. கீழ்க்கணக்கு நூல்களுள் பல அக்காலத்தன என்பது அறிஞர் பலர் கொள்கை. 470 அளவில் மதுரையில் வச்சிரநந்தி என்னும் சமணப் பெரியார் திரமிள சங்கம் நிறுவினார். சோழ நாட்டில் அச்சுத விக்கந்தன் ஆட்சியில் புத்ததத்தர் இருந்து நூல் செய்தார். மயிலை சீனி. வேங்கடசாமி இக்காலத்துக்கென ஒரு தனிநூலே எழுதி இருள் என்ற சொல்லின் பொய்மையை உடைத்தார். ஆயினும் அச்சொல் இன்னும் சாகவில்லை.

களப்பிரர் போன பின் முடியரசு மீண்டது. மீண்டபோது எதைக் கொண்டுவந்தது என்பதைக் காண மதுரைக்கோ தஞ்சைக்கோ போக வேண்டியதில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் ஒட்டி ஓடும் இடத்தில் உள்ள முண்டியம்பாக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தாலே போதும். கரும்பாலையும், 2010இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரியும் இன்று அவ்வூரின் அடையாளம். அவ்வூரை நடுவாக வைத்து ஒருநாட் பயணத் தொலைவுக்கு ஒரு வட்டம் கீறினால், தமிழக வரலாற்றின் இரு முகங்களும் அவ்வட்டத்துள் அடங்கிவிடும்.

வட்டத்தின் வடமேற்கே இருப்பது எண்ணாயிரம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அது இராசராசச் சதுர்வேதிமங்கலம். அங்குள்ள கோவிற் கல்வெட்டு, ஒரு கல்லூரிக்கு அவ்வூர்ப் பார்ப்பன அவை செய்த ஏற்பாட்டைக் கூறுகிறது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். நிலம் 45 வேலி. மாணவருள் 270 பேர் இளநிலை, 70 பேர் மேல்நிலை. இருக்கு மறைக்கு 75 பேர், எசுர் மறைக்கு 75 பேர், சாம மறைக்கு 40 பேர், வாசசனேயத்துக்கு 20 பேர், அதர்வத்துக்கு 10 பேர், போதாயன நூலுக்கு 10 பேர், உரூபாவதாரம் என்னும் வடமொழி இலக்கணத்துக்கு 40 பேர். மேல்நிலையில் வியாகரணம் 25, மீமாஞ்சை 35, வேதாந்தம் 10. கூட்டிப் பாருங்கள், 340 சரியாக வரும். நாள்தோறும் ஒவ்வொருவர்க்கும் அளக்க வேண்டிய நெல்லும் கல்லில் வெட்டப்பட்டுள்ளது.

அந்த 340 பேருள் தமிழ் கற்றவர் எத்தனை பேர்? ஒருவரும் இலர். தொல்காப்பியத்துக்கு ஓர் இருக்கையில்லை. குறளுக்கு ஒரு நாழி நெல்லில்லை. கங்கை கொண்டவன், கடாரம் வென்றவன் என்று தமிழர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் மன்னனின் ஆட்சியில், தமிழ் மண்ணில், தமிழ் உழவன் விளைத்த 45 வேலி நெல்லைத் தின்று நடந்த கல்லூரி இது. இதே மன்னன் தன் எட்டாம் ஆட்சியாண்டில், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை ஒன்றாக்கித் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று பெயரிட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட பார்ப்பனர்க்குப் பங்கிட்டுக் கொடுத்ததைக் கரந்தைச் செப்பேடு பறைசாற்றுகிறது. தஞ்சைக் கோவிலில் திருப்பதியம் பாட 48 பேரை அமர்த்திய இராசராசனின் நற்செயலை மறைக்க வேண்டியதில்லை. மறைக்காமலே கேட்கலாம்: தமிழ் கோவிலில் பாடப்பட்டது, கல்லூரியில் ஏன் கற்பிக்கப்படவில்லை?

வட்டத்தின் மறுமுகம் தெற்கிலும் மேற்கிலும் உள்ளது. சோழரும் பாண்டியரும் போய், விசயநகரத்தார் தமிழகத்தைப் பிடித்த பின் நடந்தது அது. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குமார கம்பணன் படையெடுப்போடு அவர் ஆட்சி இங்கு வேரூன்றியது. நாட்டை உசாவடி உசாவடியாய்ப் பிரித்து ஆண்டனர். முண்டியம்பாக்கத்துக்குக் கிழக்கே உள்ள இன்றைய வழுதாவூரே அன்றைய வழுதிலம்பட்டு. இப்பகுதி முழுதும் வழுதிலம்பட்டு உசாவடி என்றே வழங்கியது. புதிய ஆட்சியோடு புதிய ஆள்களும் வந்தனர். அரசின் பேரால் வரி தண்டுவோர் ஒருபுறம். படைப்பணிக்கு ஈடாக ஊர்களைச் சீவிதமாகப் பெற்றோர் ஒருபுறம். இவர்களுக்குத் துணையாய் உள்ளூரிலேயே இருந்தனர் காணியாளர். நிலத்தின் மேல் காணியுரிமை அவர்களுடையது. நிலத்தில் வியர்வை வேறொருவருடையது. விளைச்சலைப் பாராமல் வரி விதித்தனர். விதித்ததற்கு மேலும் பறித்தனர்.

1429ஆம் ஆண்டு, இரண்டாம் தேவராயன் ஆட்சியில், மக்கள் எழுந்தனர். விருத்தாசலத்திலும் எலவானாசூரிலும் ஆடுதுறையிலும் கொருக்கையிலும் திருவைகாவூரிலும் அவர்கள் வெட்டுவித்த கல்வெட்டுகள் இன்றும் உள. (முதுகுன்றம் என்னும் அருந்தமிழ்ப் பெயரை 'விருத்தாசலம்' என மொழிபெயர்த்தோரின் கைவண்ணமும், அம்மக்களின் வரியைப் பறித்தோரின் கைவண்ணமும் ஓரினத்தவையே, அதைப் பிறிதொருகால் பேசலாம்.) எழுந்தவர் வலங்கை 98 பிரிவினரும் இடங்கை 98 பிரிவினரும். உழுதொழிலாளர், நெய்வோர், கம்மியர், செக்காட்டுவோர், சிறுவணிகர் என்று உழைத்துண்ட குலங்களெல்லாம் இவ்விரு கைகளில் அடங்கும். எந்நாளும் தம்முள் மோதிக்கொள்ளும் இரு கைகள் அன்று ஒன்று சேர்ந்தன.

முதுகுன்றத்துக் கல்வெட்டின் செய்தியைச் சுருங்கச் சொன்னால் இதுதான்: அரசின் ஆள்கள் துன்புறுத்தினர், சீவிதக்காரர் முறைகேடு செய்தனர், காணியாளராகிய பார்ப்பனரும் வேளாளரும் அவர்களோடு சேர்ந்து வரி பறித்தனர். ஆகலின் இனி அவர்களுக்கு நம்மில் எவரும் புகலிடம் தரலாகாது. இந்நாட்டிற் பிறந்த எவரும் அவர்களுக்குக் கணக்கெழுதலாகாது. அவர்கள் சொல்லுக்கு இசையலாகாது. இதனை மீறி எவனேனும் நாட்டுக்கு இரண்டகம் செய்தால் அவனைக் குத்திக் கொல்க.

'கணக்கெழுதலாகாது' என்ற ஒரு முடிவின் கூர்மையை எண்ணுக! வரியை வாள் பறிப்பதில்லை, ஓலை பறிக்கிறது. எவன் நிலம் எத்துணைக் குழி, எவன் வீட்டில் எத்தனை தறி, எவன் எவ்வளவு நிலுவை என்பது எழுத்தாணி பிடித்த உள்ளூர்க் கணக்கனுக்கே தெரியும். அவன் எழுதாவிட்டால் துங்கபத்திரைக் கரையில் இருக்கும் பேரரசனுக்கு இங்குள்ள நிலம் குருட்டு நிலம். படையில்லாத மக்கள் பேரரசின் கண்ணைக் கட்டினர். 1920இல் ஒத்துழையாமை என்று நாடு முழுதும் முழங்கிய சொல்லின் உட்பொருளை, 491 ஆண்டுகட்கு முன்பே நடுநாட்டு உழவரும் நெசவரும் கல்லில் வெட்டி வைத்தனர் என்பது தமிழருக்குப் பெருமையா இல்லையா? கடாரப் படையெடுப்பைவிட இது சிறியதா?

அவ்வாண்டைச் சேர்ந்த தஞ்சைப் பகுதிக் கல்வெட்டொன்று இதைவிடவும் உருக்கமானது. விளைச்சலுக்கு ஏற்ப வரி கொள்ளாமல் முறையின்றி விதித்தார்கள். நாங்கள் ஊரைவிட்டு ஓடிப்போக இருந்தோம். அப்போதுதான், மண்டலத்தார் யாவரும் ஒன்றுபட்டு நில்லாமையால் அன்றோ இம்முறைகேடு நேர்ந்தது என்று உணர்ந்தோம். இனி விளைவுக்கு ஏற்ப, முறையாக உள்ளதை மட்டுமே இறுப்போம், முறையில்லாததை இறுக்கமாட்டோம் என்ற கருத்தில் அது பேசுகிறது. ஊரைவிட்டு ஓடுவது தமிழுழவனின் பழைய தற்காப்பு. கொடிய மன்னனைத் திட்டவும் வழியில்லாதவன் இரவோடிரவாகக் கலயத்தையும் கலப்பையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஓடுவதற்குக் காலெடுத்து வைத்தவன் திரும்பி நின்று, 'நாம் ஏன் ஓட வேண்டும்' என்று கேட்ட அந்த நொடி தமிழர் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. ஓர் அரசவைப் புலவனாவது அதைப் பாடவில்லை. பாடியிருந்தால் பரிசில் கிடைத்திராது.

அவர்கள் வெறுமனே மறுத்ததோடும் நிற்கவில்லை. வரி எவ்வளவு என்பதைத் தாமே வகுத்தனர். திருவைகாவூர்ப் பட்டியலைக் காண்க. நெல் விளையும் நிலம், வாழையும் கரும்பும் இட்ட நிலம், மஞ்சள், இஞ்சி, கத்தரி, பூசணி, ஆமணக்கு, தெங்கு, பலா என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அளவு. தறி ஒன்றுக்கு இவ்வளவு, கம்மியனுக்கு இவ்வளவு, குயவனுக்கு, துணி வெளுப்பவனுக்கு, மழிப்பவனுக்கு, செக்கு ஒன்றுக்கு இவ்வளவு. ஆள்வோனின் வேலையை ஆளப்படுவோர் எடுத்துக்கொண்டனர் என்பதன் பொருள் இதுவே. அப்பட்டியலின் நடை மெய்க்கீர்த்தியின் நடையன்று. வடசொற் கலப்பு அதில் உண்டு. ஆயினும் களத்து மேட்டில் நெல்லளப்போன் பேசும் தமிழ் அது. செப்பேடுகள் தலையிலே வடமொழியைச் சூடிக்கொண்டு காலில் தமிழை மிதித்து நிற்கையில், மக்கள் தமக்காக வெட்டியது தம் மொழியிலேயே இருந்தது.

இந்த எழுச்சி விசயநகர முடியை வீழ்த்தவில்லை. பேரரசு 1565இல் தலைக்கோட்டைப் போரில் பிறரால் நொறுங்கியது. அதன் பின் நாயக்கர் தனித்து ஆண்டனர். ஆயினும் எழுச்சி வீண்போகவில்லை. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் வழுதிலம்பட்டு நாட்டுக் கைக்கோளர், மேற்குலத்தார் தமக்கென வைத்திருந்த தண்டிகையும் சங்கும் தாமும் கொள்ளும் உரிமை பெற்றதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. 1429இல் எழுந்து நின்றவனின் பேரன், பல்லக்கில் ஏறினான். பல்லக்கில் ஏறுவதா விடுதலை என்று இன்று கேட்பது எளிது. ஏறக்கூடாது என்றிருந்த காலத்தில் ஏறியவனிடம் கேட்டால் விடை வேறாக இருக்கும்.

இனி, தனித்தமிழ் உணர்வாளர் சிலர்க்குக் கசக்கும் ஒரு செய்தி. முதுகுன்றத்து மக்கள் பார்ப்பனரை மட்டும் குற்றம் சாட்டவில்லை. வேளாளக் காணியாளரையும் சேர்த்தே சாட்டினர். ஆரியம் ஒன்றையே பகையாகக் காட்டிவிட்டு, தமிழ்க் குடிக்குள் தமிழ்க் குடியை மிதித்த கதையை மூடிவைப்பது இவ்வியக்கத்துள்ளும் உண்டு. மறைமலையடிகளார் தமிழுக்குச் செய்த தொண்டு அளப்பரியது. எனினும் அவர் 'வேளாளர் நாகரிகம்' எழுதும்போது, வேளாளக் காணியின் கீழ்க் குனிந்தவன் கண்கொண்டு எழுதவில்லை. அடிகளார் மீதுள்ள மதிப்புக் குறையாமலே இதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். முடியரசு என்பது தலையில் மணிமுடி வைத்த ஒருவன் மட்டுமன்று. அவனுக்கு நெல் அளந்து கொடுப்பவன், அளந்ததைக் கணக்கெழுதுபவன், எழுதியதற்கு மறைமொழி ஓதி வாழ்த்துபவன், இவர்க்கெல்லாம் நிலம் காணியாயிருப்பவன் ஆகிய அனைவரும் சேர்ந்ததே முடியரசு. 1429இன் மக்கள் இதனை நன்கறிந்திருந்தனர். அவர்கள் சினம் தேவராயன் என்ற ஓர் ஆளின் மீது பாயவில்லை. அவன் நிற்கும் படிக்கட்டின் மீது பாய்ந்தது.

அப்படிக்கட்டு முழுதும் இடியப் பின்னும் ஐந்து நூற்றாண்டு ஆயிற்று. குறுநிலக்கிழார் முறை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. இனாம் நிலங்கள் 1963ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஒழிந்தன. இந்திய மன்னர் வழியினர்க்கு அரசு கொடுத்துவந்த மானியம் 1971இல் நின்றது. நற்சிங்கன் ஓலமிட்டு மீட்ட வேள்விக்குடியைப் போன்ற கொடையூர்களின் கடைசி வேர் எட்டாம் நூற்றாண்டிலிருந்து 1963 வரை மண்ணுக்குள் இருந்தது என்பதை நினைத்தால் உடல் நடுங்குகிறது.

மேலும் ஒன்று. 1429இல் சேர்ந்த இரு கைகளும் நிலைத்துச் சேர்ந்திருக்கவில்லை. சென்னையில் ஆங்கிலேயக் குழுமத்தார் கோட்டை கட்டி அமர்ந்தபின், 1652இலும் 1707இலும் வலங்கையும் இடங்கையும் எந்தத் தெரு யாருக்கு, எந்த ஊர்வலம் எவ்வழியில் என்று ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. நடுவராய் நின்று தீர்ப்புச் சொன்னவன் வெள்ளை வணிகன்! பேரரசனின் கண்ணைக் கட்டிய கைகள், தெருவோரத்தில் ஒன்றன் கண்ணை மற்றொன்று குத்தின. இன்றும் வட மாவட்டங்களில் தேர்தல் வந்தால் குலத்துக்கொரு கொடியும் கொடிக்கொரு மன்னனும் தேடும் நிலையைக் காண்பார்க்கு இது பழங்கதையாகத் தோன்றாது. தம் குலத்தார் முன்னொரு நாள் ஆண்டார் என்று நிறுவத் துடிப்போர், ஆண்டவனை எதிர்த்து நின்றார் என்று நிறுவத் துடிப்பதில்லையே, ஏன்?

1789ஆம் ஆண்டு ஆகத்து 4ஆம் நாள் பிரெஞ்சு நாட்டு அவை, நிலக்கிழார் சலுகைகளை ஒழித்ததைத் தமிழ்நாட்டு மாணவர் படிக்கின்றனர். 1792இல் அந்நாட்டார் முடியரசையே ஒழித்ததையும் படிக்கின்றனர். நன்று, படிக்கட்டும். முண்டியம்பாக்கத்திலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள புதுவையில் ஆண்டுதோறும் சூலை 14ஆம் நாளை நினைவுகூர்வதையும் காண்கின்றனர். ஆனால் அதற்கு 360 ஆண்டுகட்கு முன், பாரிசு நகரத்து மக்கள் இன்னும் மன்னனுக்கு மண்டியிட்டுக் கிடந்த காலத்தில், இங்கே பக்கத்து ஊரில், பாட்டன் பூட்டன் சொன்ன சொல் கல்லில் இருக்கிறது என்பதை அறிந்த மாணவர் எத்தனை பேர்? அறிந்த ஆசிரியர்தாம் எத்தனை பேர்? பிரெஞ்சுக்காரன் தன் எழுச்சி நாளை நாட்டு விழாவாக்கினான். தமிழன் தன் எழுச்சிக் கல்லைச் சுற்றி வந்து, உள்ளே இருக்கும் மன்னன் சிலைக்கு மாலையிடுகிறான்.

தமிழ்நாட்டு அரசின் பாடநூற் குழுவினர் செய்யத்தக்கது பெரிதன்று. விருத்தாசலக் கல்வெட்டின் செய்தியையும் திருவைகாவூர்ப் பட்டியலையும் எளிய தமிழில் பெயர்த்து எட்டாம் வகுப்பில் ஒரு பாடமாக வைக்கட்டும். எண்ணாயிரத்துக் கல்லூரியின் கணக்கையும் அதற்கு முன் ஒரு பாடமாக வைக்கட்டும். 340ஐக் கூட்டிப் பார்க்கும் பயிற்சியையும் சேர்க்கட்டும். கல்வெட்டுள்ள கோவில்களில் அக்கல் எது, அது என்ன சொல்கிறது என்று ஒரு பலகை எழுதி வைக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் ஏறாமல் காக்கட்டும்.

விழுப்புரம் வட்டாரத்துப் பள்ளிகள் ஆண்டுக்கொருமுறை பேருந்து பிடித்துப் பிள்ளைகளைத் தஞ்சைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் கூட்டிச் செல்கின்றன. கூட்டிச் செல்லட்டும். முண்டியம்பாக்கத்தில் ஏறும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்ப்பேட்டை வரை சென்று, அங்கே மேற்கே திரும்பினால் எலவானாசூர். தெற்கே திரும்பினால் முதுகுன்றம். காலையிற் புறப்பட்டால் இரண்டையும் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு வந்து சேரலாம்.